ஏ என்றால் 193

புரோகிராமிங் கொஞ்சம் படித்திருந்தால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ கொம்பியூட்டருக்குள் எழுத்தாக இருப்பதில்லை, 65 என்ற எண்ணாக இருக்கிறது. ‘பி’ 66, ‘சி’ 67, இப்படியே போய் ‘இஸட்’ 90. உங்கள் போனிலும் இதுதான், லப்டொப்பிலும் இதுதான். பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதுகலை முடிக்கும்வரை எனக்கும் இதை யாரும் வேறு மாதிரிச் சொல்லித் தந்ததில்லை.

ஆனால் ‘ஏ’ 193 ஆக இருக்கும் இயந்திரங்களும் உண்டு. போன குளிர்காலம் அப்படி ஒன்றோடுதான் எனக்கு வேலை. லூவா என்ற சின்ன மொழியை அதற்குள் கொண்டுபோய் ஓட வைக்க வேண்டும்.

மெயின்பிரேம் என்றதும் பழைய படங்களில் நாடா சுற்றும் அலுமாரிகள் ஞாபகம் வரலாம். இப்போது அது பெரிய குளிர்சாதனப் பெட்டி அளவில்தான் இருக்கிறது. 1964-இல் ஐ.பி.எம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற குடும்பத்தை அறிவித்தது. அதன் வாரிசுகள்தான் இன்றைய மெயின்பிரேம்கள். அவற்றில் ஓடும் இயங்குதளத்தின் இன்றைய பெயர் இஸட்ஓஎஸ். வங்கிக் கணக்கு, காப்புறுதி, ஓய்வூதியம் போன்ற வேலைகள் இரவிரவாகத் தொகுதி தொகுதியாக அதில் ஓடும். நீங்களோ நானோ அதைக் கண்ணால் காணப் போவதில்லை. உங்கள் தாத்தா பாட்டிக்கு மாதாமாதம் வரும் காசு அதன் வழியாக வந்துகொண்டிருக்கலாம்.

நான் ஒப்பந்தத்துக்குப் போன இடம் ரொறன்ரோவில் ஒரு காப்புறுதி நிறுவனம். பெயர் வேண்டாம். அங்கே வாடிக்கையாளரின் பெயருக்கு 25 இடம் ஒதுக்கியிருந்தார்கள். இருபத்தைந்து எழுத்துக்கு மேல் போனால் மிச்சம் வெட்டுப்படும். இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. என் அப்பாவின் முழுப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 31 எழுத்து. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு ஒரு வங்கியிலிருந்து வரும் கடிதங்களில் அவருடைய பெயர் எப்போதும் பாதியில் நிற்கும். “மிச்சத்தை அவங்கள் வட்டியாப் பிடிச்சிட்டாங்கள்” என்று அப்பா பகிடி விடுவார். ஒருமுறை அடையாள அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குப் பகிடி வரவில்லை.

நிறுவனம் அந்த 25-ஐ 60 ஆக்க முடிவு செய்திருந்தது. இடத்தை அகலமாக்கினால் மட்டும் போதாது, ஏற்கெனவே வெட்டுப்பட்ட பெயர்களைத் தேடிப்பிடித்துத் திருத்தவும் வேண்டும். முதல் படி சுலபம். இருபத்தைந்தாவது இடம் வெறுமையாக இல்லாவிட்டால் அந்தப் பெயர் சந்தேகத்துக்குரியது. அதற்குப் பிறகுதான் சிக்கல். வெட்டுப்பட்டதால் இரண்டு வேறு ஆட்கள் ஒரே பெயராகத் தெரியலாம். பெயர்களைப் பொருத்திப் பார்க்கும் விதிகளை லினக்ஸ் பக்கத்தில் வேறொரு குழு ஏற்கெனவே லூவாவில் எழுதி, வருடக்கணக்காகப் பாவித்து வந்தது. வாடிக்கையாளர் விபரமோ மெயின்பிரேமை விட்டு வெளியே வரக்கூடாது என்பது அங்கே சட்டம் மாதிரி. ஆகவே தரவை மொழியிடம் கொண்டுபோக முடியாது, மொழியைத் தரவிடம் கொண்டுவர வேண்டும்.

விபரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள், ஏன் பைத்தன் இல்லை என்று. பைத்தன் இருக்கிறது. 2020-இல் ஐ.பி.எம்மே இஸட்ஓஎஸ்ஸுக்குக் கட்டணமில்லாமல் வெளியிட்டது. மெயின்பிரேமுக்கென்றே பிறந்த ரெக்ஸ் என்ற அருமையான மொழியும் உண்டு. ஆனால் எதை எடுத்தாலும் விதிகளைத் திரும்ப எழுத வேண்டும். திரும்ப எழுதினால் இரண்டு பக்கமும் ஒரே விடையைச் சொல்கிறதா என்று வாழ்நாள் முழுக்கச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

லூவா 1993-இல் பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. போர்த்துக்கேய மொழியில் லூவா என்றால் நிலா. வீடியோ கேம்கள் விளையாடுகிறவர்கள் தெரியாமலே அதைச் சந்தித்திருப்பீர்கள். ரோப்லொக்ஸில் எழுதுவது அதிலிருந்து கிளைத்த மொழிதான். முழு மூலநிரலும் சுருக்கிக் கட்டினால் அரை மெகாபைட்டுக்கும் குறைவு. எல்லாமே சுத்தமான சி மொழி. இது முக்கியம். ஒரு மொழியைப் புது இயந்திரத்துக்குக் கொண்டுபோவது என்றால், அந்த மொழியை வாசித்து ஓட்டும் புரோகிராமைப் புது இடத்தில் கட்டி எழுப்புவது. லூவாவை ஓட்டும் புரோகிராம் சி-யில் இருக்கிறது, இஸட்ஓஎஸ்ஸில் சி கொம்பைலரும் இருக்கிறது. 1990-களிலிருந்து அதற்குள் ஒரு யுனிக்ஸ் பகுதியும் இருக்கிறது. கோப்பை அனுப்பு, கொம்பைல் பண்ணு, முடிந்தது என்று கடதாசியில் எழுதினால் மூன்று வரிதான்.

முதல் வரியிலேயே நின்றோம். நான் அனுப்பிய கோப்பைத் திறந்தால் ஒரு சொல்லும் வாசிக்க முடியவில்லை. மெயின்பிரேம் பாவிக்கும் எழுத்து அட்டவணையின் பெயர் எப்சிடிக். எங்கள் லப்டொப்புகளின் ஆஸ்கி அட்டவணைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆஸ்கியில் 64 என்பது ஈமெயில் முகவரியில் வரும் ‘அட்’ குறி. எப்சிடிக்கில் 64 என்பது வெற்றிடம். அங்கே எனக்கு உதவியாக இருந்த சிஸ்டம் புரோகிராமர் அறுபது தாண்டிய ஒரு பெண்மணி, ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. ஒரு கோப்பில் சொற்களுக்கு இடையில் எல்லாம் ‘அட்’ குறியாக இருந்தால் அது எங்கள் வீட்டுப் பிள்ளை, வழிதவறி உங்கள் ஊருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம் என்பார்.

எழுத்துகளுக்கு ஏன் இந்த விநோத எண்கள் என்று அவரிடம் கேட்டேன். மேசை லாச்சியிலிருந்து ஒரு பழைய துளை அட்டையை எடுத்து வைத்தார். 80 நிரல், 12 வரிசை. ஒரு எழுத்துக்கு இரண்டு துளை: மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல்துளைக்கு மூன்று இடம், கீழ்த்துளைக்கு ஒன்று முதல் ஒன்பது வரை. முதல் ஒன்பது எழுத்து ஒரு கூட்டம், அடுத்த ஒன்பது இன்னொரு கூட்டம், கடைசி எட்டு மூன்றாவது கூட்டம். எப்சிடிக் எண்களும் அப்படியே மூன்று கூட்டமாக நிற்கின்றன: 193 முதல் 201, பிறகு இடைவெளி, 209 முதல் 217, திரும்ப இடைவெளி, 226 முதல் 233. கடதாசி அட்டையில் துளை எங்கே விழுந்தது என்பது அட்டை மறைந்தும் எண்ணாக இருக்கிறது. அந்த அட்டையைப் பார்த்த பிறகு எப்சிடிக் மேல் எனக்கு இருந்த எரிச்சல் பாதியாகக் குறைந்தது. விசரான அட்டவணை என்று இணையத்தில் எழுதுகிறவர்கள் அந்த அட்டையை ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்கலாம்.

மாற்றிக் கொடுக்க ஒரு கட்டளை இருக்கிறது, மாற்றினோம். அடுத்தது சதுர அடைப்புக்குறி. எப்சிடிக் என்பது ஒன்றல்ல, நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடுகளோடு பல உண்டு. கொம்பைலர் எதிர்பார்ப்பது 1047 என்ற வகை, அங்குள்ள திரைகள் காட்டுவதோ 037 என்ற வகை. ஆங்கில எழுத்துகள் இரண்டிலும் ஒன்று, சதுர அடைப்புக்குறியோ வேறு. சி மொழியில் அடைப்புக்குறி இல்லாத பக்கமே இல்லை. திரையில் சரியாகத் தெரிந்தால் கொம்பைலர் அழும். கொம்பைலர் சிரித்தால் திரையில் அடைப்புக்குறிக்குப் பதிலாகத் தலையில் கோடு போட்ட ‘ஒய்’ தெரியும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, அந்த ‘ஒய்’களோடு வாழப் பழகிக்கொண்டேன்.

லூவாவின் மூலநிரலில் ஓர் இடத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். எது எழுத்து, எது எண், எது வெற்றிடம் என்று பிரிக்க லூவா தன் சொந்த அட்டவணை ஒன்றை வைத்திருக்கிறது. வேகத்துக்காக. அந்த அட்டவணை ஆஸ்கிக்கு மட்டும்தான் சரிவரும். இங்கே எல்லாம் உடையப் போகிறது என்று அந்தக் கோப்பைத் திறந்தேன். உடையவில்லை. மேலே ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறார்கள்: இந்த இயந்திரத்தில் ‘ஏ’ 65 தானா, பூச்சியம் 48 தானா? ஆம் என்றால் எங்கள் அட்டவணை. இல்லையென்றால் சி மொழியின் பொது நூலகத்திடம் கேட்டுக்கொள். ஒரேயொரு நிபந்தனை வரி. ரியோவில் ஆஸ்கி இயந்திரத்தின் முன்னால் இருந்துகொண்டு, தன் எழுத்துகளை வேறு மாதிரி எண்ணுகிற ஒரு விருந்தாளி வரக்கூடும் என்று யாரோ நினைத்திருக்கிறார். அந்த விருந்தாளி நான்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

கோப்புத் திறப்பதிலும் அதே பண்பு. மெயின்பிரேமின் பழைய முறைக் கோப்புகளில் வரி முடிவு என்று ஒரு குறி கிடையாது. இத்தனை இடம் ஒரு பதிவு என்று அளந்து வைத்திருப்பார்கள். துளை அட்டையின் 80 இன்னும் பல இடங்களில் அப்படியே நிற்கிறது. இப்படிப்பட்ட கோப்பைப் பதிவு பதிவாக வாசிக்க, திறக்கும்போதே அங்குள்ள சி நூலகத்திடம் ஒரு விசேட சொல் சொல்ல வேண்டும். லூவா அந்தச் சொல்லைக் கேட்டதும் ‘இது செல்லாது’ என்று மறுத்துவிட்டது, ஏனென்றால் தனக்குத் தெரிந்த முறைகளை மட்டும்தான் அது விடும். ஆனால் அந்தப் பரிசோதனையைக் கொம்பைல் பண்ணும்போது வெளியிலிருந்து மாற்றிக்கொள்ள வாசல் வைத்திருந்தார்கள். மூலநிரலில் ஒரு எழுத்தும் மாற்றாமல் வேலை முடிந்தது. தசம எண்களில் ஒரு சின்னச் சடங்கு, மெயின்பிரேமின் பழைய பதினாறடிக் கணக்கு வேண்டாம், எல்லோரும் பாவிக்கும் முறையைப் பாவி என்று கொம்பைலருக்குச் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு வியாழன் பின்னேரம் லூவா எழும்பி ‘ஹலோ’ சொன்னது. குழுவில் கைதட்டினார்கள். அந்தப் பெண்மணி தட்டவில்லை. “இனித்தான் ஆரம்பம்” என்றார்.

அவர் சொன்னது சரி. மொழி வந்துவிட்டது, அந்த மொழியில் லினக்ஸ் குழு எழுதிய விதிகள் எல்லாம் ‘ஏ’ 65 என்ற வீட்டில் பிறந்தவை. ஒரு விதியில் ‘ஏ முதல் இஸட் வரை உள்ள எழுத்து’ என்று எழுதியிருந்தார்கள். லினக்ஸில் அது 26 எழுத்து. மெயின்பிரேமில் 193 முதல் 233 வரை, எண்ணிப் பாருங்கள், 41 இடம். எழுத்துக் கூட்டங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் வேறு குறிகள் குடியிருக்கின்றன. மூடும் வளைவு அடைப்புக்குறி 208, பின்சாய்வுக் கோடு 224. இரண்டும் அந்த விதிக்கு ஆங்கில எழுத்தாகத் தெரிந்தன. பிழைச் செய்தி எதுவும் வராது. விடை மட்டும் மெல்லமாகத் தவறாக இருக்கும். இதைவிட நிரல் உடைந்து விழுவது எவ்வளவோ மேல்.

அகரவரிசையும் அப்படித்தான். ஆஸ்கியில் முதலில் எண்கள், பிறகு பெரிய எழுத்து, பிறகு சின்ன எழுத்து. எப்சிடிக்கில் முதலில் சின்ன எழுத்து, பிறகு பெரிய எழுத்து, எண்கள் கடைசியில். ஒரே பட்டியலை இரண்டு பக்கமும் வரிசைப்படுத்தி ஒப்பிட்டால், ஒரு பெயரும் மாறாமலே நூற்றுக்கணக்கான வரிகள் வேறுபாடு என்று சிவப்பாக வரும். லினக்ஸ் குழுவோடு உட்கார்ந்து விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ‘ஏ முதல் இஸட்’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘பெரிய எழுத்து எதுவானாலும்’ என்று லூவாவிடம் கேட்கும் முறைக்கு மாற்றினோம். வரிசைக்கு இயந்திரத்தை நம்பாமல் எங்கள் வரிசையை நாங்களே எழுதினோம். அந்தக் குழுவில் ஒருவர் முதலில் கொஞ்சம் முறுகினார்: எங்கள் விதி சரியாகத்தானே ஓடுகிறது, பிழை உங்கள் பழைய பெட்டியில் அல்லவா? விதியில் பிழை இல்லை, எழுதாமல் விட்ட ஒரு நம்பிக்கை அதற்குள் இருக்கிறது என்று சொல்லிப் புரிய வைக்க இரண்டு கூட்டம் தேவைப்பட்டது.

எனக்கு மட்டும் இது ஏன் சட்டென்று பிடிபட்டது என்றால், காரணம் அம்மா. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவ பல வருடம் படிப்பித்தவ. வினாத்தாள் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் அடிப்பா. உங்கள் வீட்டுப் பழைய கொம்பியூட்டரிலும் பாமினி கோப்புகள் இருக்கக்கூடும். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே உண்மையில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துருதான் அதற்குத் தமிழ் வேடம் போடுகிறது. எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் வேடம் கலைந்து ஆங்கிலக் குப்பையாகக் கிடக்கும். “என்ர வினாத்தாளெல்லாம் அழிஞ்சு போச்சு பிள்ளை” என்று அம்மா ஒருமுறை போனில் அழாக்குறையாகச் சொன்னா. “ஒண்டும் அழியேல்லை அம்மா, அட்டவணைதான் மாறிப்போச்சு” என்று அன்றிரவே யுனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். மெயின்பிரேமில் ‘அட்’ குறிகள் நிறைந்த முதல் கோப்பைப் பார்த்தபோது இது நான் ஏற்கெனவே செய்த வேலைதானே என்று இருந்தது.

ஆகவே அலுவலக வேலை முடிந்த ஒரு மாலை, என் சொந்த ஆசைக்கு ஒரு பரிசோதனை. ‘வணக்கம்’ என்ற சொல்லை யுனிகோடில் எழுதிய இரண்டு வரி லூவா நிரலை அனுப்பினேன். யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். ‘அ’ மட்டும் 224, 174, 133 என்று மூன்று எண். ‘வணக்கம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளிகளையும் தனியாக எண்ணும் யுனிகோடுக்கு ஏழு குறி. ஆக 21 பைட். இயந்திரம் அவற்றைத் தமிழென்று அறியாது. ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக எண்ணி, எப்சிடிக் எண்ணாக மாற்றி வைத்துக்கொண்டது. திரையில் தூசி மாதிரிக் கிடந்தது. நீளம் கேட்டேன், 21 என்றது. வெளியீட்டை அதே வழியால் திருப்பி மாற்றி லப்டொப்பில் திறந்தேன். வணக்கம். ஒரு புள்ளி குறையவில்லை. 1047 வகையில் ஒவ்வொரு எண்ணுக்கும் மறுபக்கத்தில் ஒரேயொரு இணை எண் இருப்பதால், போன வழியிலேயே எல்லாம் திரும்பி வருகிறது. இதனால் நிறுவனத்துக்கு ஒரு சதமும் லாபமில்லை. எனக்கு அன்றிரவு நித்திரை நன்றாக வந்தது.

நிறுவுவது தனிக்கதை. உங்கள் லப்டொப்பில் ஒரு சொடுக்கு. அங்கே யார் எந்த அடைவில் எழுதலாம், எந்த நேரத்தில் மாற்றம் செய்யலாம், பிழைத்தால் எப்படிப் பின்வாங்குவது, எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இரவு வேலைகளை அழைக்கும் ஜேசிஎல் என்ற கட்டளை மொழியில் ஒரு புரோகிராமுக்குச் சொல்லக்கூடிய சேதி 100 எழுத்துக்குமேல் போகக்கூடாது. எங்கள் அடைவின் பெயரே அதில் பாதியைத் தின்றது. பெயரைச் சுருக்கச் சொன்னார்கள். பெயர் வெட்டுப்படுவதைத் திருத்த வந்த ஆள் நான் என்று சொல்லிச் சிரித்தேன், சுருக்கினேன்.

அந்தப் பெண்மணி ஓய்வுபெறும் கிழமையில்தான் முழுத் தரவிலும் அது முதல்முறையாக ஓடியது. காலையில் பட்டியல் வந்தது. எண்ணிக்கையை எழுத எனக்கு அனுமதி இல்லை. தமிழ்ப் பெயர்கள் இருந்தன, கிரேக்கப் பெயர்கள், தாய்லாந்துப் பெயர்கள், அம்மா அப்பா இருவரின் குடும்பப் பெயரையும் சுமக்கும் போர்த்துக்கேயப் பெயர்கள் இருந்தன. பாதியில் நின்ற ஒரு பெயரைப் பார்த்து, அதன் மிச்சம் என்னவென்று என்னால் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது மந்திரம் மாதிரி இருந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டு முழுப்பெயரை உறுதிப்படுத்துவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. துளை அட்டையை அவர் எனக்குத் தந்துவிட்டுப் போனார்.

புதிய 60 பற்றிய கூட்டம் போன மாதம் நடந்தது. எல்லோரும் தலையாட்டி முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்டேன். அறுபது எழுத்தா, அறுபது பைட்டா? கியூபெக்கில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவரின் பெயரில் கோடு போட்ட ‘ஈ’ வந்தால், எப்சிடிக்கில் அதற்கு ஒரு பைட், யுடிஎப்-8-இல் இரண்டு. தமிழில் எழுத என்றைக்காவது விட்டால் குறிக்கு மூன்று. இருபது குறியோடு இடம் முடிந்துவிடும். மேசையைச் சுற்றி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது முதலாவதாக இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். “அறுபது பைட் எண்டா எனக்குக் காணும்தானே?” என்று கேட்டார்.

காணும் அப்பா. ஆங்கிலத்தில் எழுதினால் காணும்.